சீ மாஸ்: வயிற்றுக்கு நல்லது, அயோடின் கணக்கு தெரிந்தால்

சீ மாஸ் என்ற கடல் பாசியைச் சாப்பிட்டால் என்ன பலன் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, வயிறு ஒழுங்காகப் போகும் என்பதைத்தான். முடி, சருமம், மூட்டுவலி, நோய் எதிர்ப்புச் சக்தி என்று வீடியோக்களில் அடுக்கும் பட்டியலில் இது பெரும்பாலும் கடைசியில்தான் வரும். நான் சாப்பிட்டுப் பார்த்ததில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்த பலன் இது ஒன்றுதான். மலச்சிக்கல் எனக்குப் பல வருடத் தொல்லை. காலையில் அரை மணி நேரம் பாத்ரூமில் உட்கார்ந்தும் முழுசாகப் போன திருப்தி இருக்காது. தினமும் ஒரு டேபிள்ஸ்பூன் சீ மாஸ் ஜெல் சேர்க்க ஆரம்பித்து இரண்டாவது வாரத்துக்குள் அது மாறியது. முக்க வேண்டியதில்லை, வயிறு கனமாக இல்லை. அந்த நிம்மதி எவ்வளவு பெரியது என்பது மலச்சிக்கல் உள்ளவர்களுக்குத்தான் தெரியும்.

இதில் மாயம் எதுவும் இல்லை. கடல் பாசிகளின் உடம்பில் இருக்கும் மாவுச்சத்துப் பொருட்களில் பெரும்பகுதியை நம் குடல் செரிக்காது. அவை தண்ணீரை இழுத்து வைத்துக்கொண்டு வழவழப்பாகக் கீழே இறங்குகின்றன. மலம் இளகுகிறது. மிச்சத்தில் ஒரு பகுதியைப் பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் நொதிக்க வைக்கின்றன. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இந்தப் பாசியைத் தீவனத்தில் கலந்து கொடுத்த எலிகளின் குடலில் நல்ல பாக்டீரியாக்கள் கூடியிருந்தன. எலி வேறு, மனிதர் வேறுதான். ஆனாலும் என் வயிறு காட்டியதும் அதே திசையில்தான் இருந்தது.

எல்லோருடைய குடலும் ஒரே மாதிரி பாசியை ஏற்றுக்கொள்ளாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜப்பானியர்களின் குடல் பாக்டீரியாக்கள் சிலவற்றில், கடல் பாசியைச் செரிக்கும் மரபணு கடல் பாக்டீரியாக்களிடமிருந்து வந்து சேர்ந்திருப்பதை 2010இல் கண்டுபிடித்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் பாசி சாப்பிட்டதில் வந்த சொத்து அது. மற்றவர்களுக்கு முதல் சில நாள் வாயு, வயிற்று உப்புசம் வரலாம். எனக்கும் வந்தது. அளவை ஒரு டீஸ்பூனாகக் குறைத்து மெதுவாகக் கூட்டியதும் அடங்கிவிட்டது. எடுத்த எடுப்பில் இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன் சாப்பிட்டுவிட்டு, வயிற்றைக் கலக்குகிறதே என்று பயப்பட வேண்டாம்.

சரி, இந்த சீ மாஸ் என்பது எது? ஒரே பெயரில் மூன்று நான்கு பாசிகள் விற்கின்றன. எல்லாமே சிவப்புப் பாசி வகை. முதலாவது, அட்லாண்டிக் கடலின் வடபகுதியில் குளிர்ந்த நீர்ப் பாறைகளில் ஒட்டி வளரும் காண்ட்ரஸ் கிரிஸ்பஸ். ஐரிஷ் மாஸ் என்றாலும் இதுதான். தட்டையாக, விசிறி போல் கிளைத்து, கருஞ்சிவப்பாக இருக்கும். 1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தபோது கடற்கரை மக்கள் இதைத் தின்று பசியாற்றினார்கள். நெஞ்சுச் சளிக்குப் பாலில் காய்ச்சிக் குடிக்கும் பழக்கமும் அங்கே உண்டு. இரண்டாவது, வெதுவெதுப்பான கடலில் வளரும் கிராசிலேரியா. மெல்லிய நூல்கற்றையாக இருக்கும். மூன்றாவது யூக்கீமா, காப்பாஃபைகஸ் வகைகள். உருண்டு தடித்த கிளைகள், காய்ந்தால் பொன்னிறம். பாக்கெட்டில் கட்டிவரும் 'தங்க நிற சீ மாஸ்' பெரும்பாலும் இந்த மூன்றாவது வகைதான். காண்ட்ரஸிலும் யூக்கீமாவிலும் இருப்பது கராஜீனன் என்ற பசை. கிராசிலேரியாவில் இருப்பது அகர். கெட்டித்தன்மைக்காக ஐஸ்கிரீமிலும் சாக்லேட் பாலிலும் சேர்க்கும் அதே கராஜீனன்தான்.

மூன்றும் ஒரே வேலையைச் செய்கின்றன என்று வயிற்றைப் பொறுத்தவரை வைத்துக்கொள்ளலாம். தாது அளவு அப்படி இல்லை. அது வகைக்கு வகை, கடலுக்குக் கடல், பருவத்துக்குப் பருவம் மாறும். அதனால்தான் பாக்கெட்டில் பாசியின் அறிவியல் பெயரும், எந்தக் கடலில் எடுத்தது என்பதும் எழுதியிருந்தால் மட்டும் வாங்குகிறேன். இரண்டும் இல்லாத பாக்கெட்டை விட்டுவிடுவேன்.

காய்ந்த பாசியைக் கையில் எடுத்தால் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். நடுவே மணல், சின்னச் சிப்பித் துண்டு, சில சமயம் மீன்வலை நூலின் துணுக்கு. மூன்று நான்கு தண்ணீர் மாற்றிக் கையால் அலசி, ஒவ்வொரு கிளைக்கவட்டையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். மணல் அங்கேதான் ஒளிந்திருக்கும். பிறகு பாசி மூழ்கி இன்னும் இரண்டு மடங்கு இடம் இருக்கும்படி தண்ணீர் ஊற்றி ஓர் இரவு ஊறவைத்தால், விறைப்பாக இருந்தது பருத்து, கண்ணாடி போல ஒளி ஊடுருவும் பதத்துக்கு வந்துவிடும். நகத்தால் அழுத்தினால் சுலபமாக அறுபடும். கடல் வாடை வரும், அது இயல்பு. அழுகல் வாடையோ ரசாயன நெடியோ வந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். ஊறிய தண்ணீரையும் கொட்டிவிட வேண்டும். உப்பும் அழுக்கும் அதில்தான் இறங்கியிருக்கும், அயோடினில் ஒரு பகுதியும் அதோடு போகும்.

புதுத் தண்ணீர் சேர்த்து மிக்ஸியில் அரைத்தால் தேன் பதத்துக்கு வரும். ஃப்ரிட்ஜில் வைத்த சில மணி நேரத்தில் கெட்டியாகிவிடும். காண்ட்ரஸ் வகையை வழக்கமாகக் கொதிக்கவைத்து வடிகட்டுவார்கள். மற்ற இரண்டும் ஊறியதுமே அரைபட்டுவிடும். அரைக்கும்போது அரை எலுமிச்சம்பழம் பிழிந்தால் வாடை குறையும். நான் ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் கண்ணாடி ஜாடியில் வைத்துக்கொண்டு, மிச்சத்தை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துவிடுவேன். ஒரு கட்டி ஒரு வேளைக்கு. எதையும் பதப்படுத்திச் சேர்க்காத ஜெல் என்பதால் வெளியில் வைக்கவே கூடாது. ஈரமான ஸ்பூனை விட்டாலும் பூஞ்சை பிடிக்கும். மேலே நீர் பிரிந்து புளித்த வாடை வந்துவிட்டால் சுரண்டி எடுத்துவிட்டுச் சாப்பிடலாம் என்று பார்க்காதீர்கள்.

தனியாகச் சாப்பிட்டால் பெரிய ருசி கிடையாது. பழச்சாறு, சூப், கஞ்சி எதில் போட்டாலும் கரைந்துவிடும். கூடவே தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும். இது முக்கியம். தண்ணீரை இழுக்கும் பொருளைச் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்காவிட்டால் மலச்சிக்கல் கூடத்தான் செய்யும்.

இப்போது வீடியோக்கள் சொல்லும் மற்ற பலன்களுக்கு வருகிறேன். 'உடம்புக்குத் தேவையான 102 தாதுக்களில் 92 இதில் இருக்கிறது' என்ற வாசகத்தைப் பார்க்காதவர் இருக்க முடியாது. உடம்புக்கு 102 தாதுக்கள் தேவை என்பதே தவறு. தனிம அட்டவணையில் மொத்தமே 118 தனிமங்கள்தான் இருக்கின்றன. அதில் ஈயம், பாதரசம், யுரேனியம் எல்லாம் அடக்கம். கடல்நீரில் ஏராளமான தனிமங்கள் துளித்துளியாகக் கரைந்திருப்பதால் பாசியிலும் அவற்றின் சுவடு இருக்கும். சுவடு இருந்தால் சத்து கிடைத்துவிட்டது என்று ஆகாது.

அளவைப் பாருங்கள். அமெரிக்க வேளாண் துறையின் பட்டியலில் 100 கிராம் பச்சை ஐரிஷ் மாஸில் சுமார் 49 கலோரி, 8.9 மில்லிகிராம் இரும்பு, 144 மில்லிகிராம் மெக்னீசியம், 72 மில்லிகிராம் கால்சியம் இருப்பதாக இருக்கிறது. இரும்பும் மெக்னீசியமும் பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஒரு நாளைக்கு 100 கிராம் யாரும் சாப்பிடுவதில்லை. 10 கிராம் என்றால் இரும்பு ஒரு மில்லிகிராமுக்கும் கீழே. அரைக்கும்போது சேர்த்த தண்ணீரையும் கணக்கில் எடுத்தால் ஒரு ஸ்பூன் ஜெல்லில் இன்னும் குறைவு. இரத்தசோகைக்கு இதை நம்பி மாத்திரையை நிறுத்துபவர்களைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே பதறுகிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

'இயற்கைக் கொலாஜன்' என்பதும் அப்படித்தான். கொலாஜன் விலங்குகளின் உடம்பில் இருக்கும் புரதம்; பாசியில் கொலாஜன் கிடையாது. ஜெல்லின் வழவழப்பைப் பார்த்து அப்படிச் சொல்கிறார்கள். முகத்தில் தடவினால் ஈரப்பதத்தைப் பிடித்து வைப்பதால் கொஞ்ச நேரம் மிருதுவாக இருக்கும், அவ்வளவுதான். என் முடியிலும் சருமத்திலும் எந்த வித்தியாசமும் இல்லை. சளிக்கு நல்லது என்று சொல்பவர்கள் கராஜீனன் ஆய்வுகளைக் காட்டுவார்கள். அவை மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயை வைத்துச் செய்தவை. மூக்கின் உள்சவ்வில் பூச்சாக நின்று கிருமியைத் தடுக்கும் பொருளைச் சாப்பிட்டால் அதே வேலையைச் செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. உடல் எடையைப் பற்றிக் கேட்டால், சாப்பாட்டுக்கு முன் எடுத்துக்கொள்ளும்போது வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், கொஞ்சம் குறைவாகச் சாப்பிடுவேன். கரையும் நார்ச்சத்து எதைச் சாப்பிட்டாலும் இது நடக்கும்.

அடுத்து அயோடின். இந்தப் பாசியின் உண்மையான வலிமையும் ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. தைராய்டு சுரப்பி ஹார்மோன் செய்ய அயோடின் கட்டாயம் வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் 250 என்கிறது உலக சுகாதார நிறுவனம். அயோடின் சேர்த்த உப்பு பயன்படுத்தாமல், மீன், பால், முட்டை எதுவும் தொடாமல் இருப்பவர்களுக்குக் குறைபாடு வர வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்டவர்களுக்குக் கொஞ்சம் கடல் பாசி உண்மையிலேயே உதவும். மற்றவர்களுக்கு அயோடின் ஏற்கெனவே சாப்பாட்டிலேயே கிடைத்துக்கொண்டிருக்கும். அதன் மேல் இதுவும் போய்ச் சேருகிறது.

மேல் வரம்பு என்று அமெரிக்காவில் 1,100 மைக்ரோகிராமும் ஐரோப்பாவில் 600 மைக்ரோகிராமும் வைத்திருக்கிறார்கள். அதிகமானால் என்ன ஆகும் என்பது பழைய கண்டுபிடிப்பு. 1948இல் வுல்ஃப், சைக்காஃப் என்ற இருவர் எலிகளுக்கு அளவுக்கு மீறி அயோடின் கொடுத்துப் பார்த்தார்கள். தைராய்டு ஹார்மோன் செய்வதையே தற்காலிகமாக நிறுத்திவிட்டது. ஆரோக்கியமான சுரப்பி சில நாளில் தானாக மீண்டுவிடும். ஏற்கெனவே பழுதுபட்ட சுரப்பி மீளாமல் போகலாம், அப்போது தைராய்டு குறைவு வரும். தைராய்டில் கட்டி இருப்பவர்கள் சிலருக்கு நேரெதிராக ஹார்மோன் கட்டுப்பாடில்லாமல் ஊறும். படபடப்பு, கை நடுக்கம், எடை குறைவு எல்லாம் வரும். ஒரே பொருள் இரண்டு பக்கமும் இழுக்கும் என்பதால்தான் 'தைராய்டுக்கு சீ மாஸ் நல்லது' என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதை நான் எதிர்க்கிறேன்.

என் அம்மாவுக்குப் பல வருடமாகத் தைராய்டு குறைவு, காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போடுபவர். என் ஜாடியைப் பார்த்துவிட்டு, "தைராய்டுக்கு நல்லதுன்னு சொல்றாங்களே, எனக்கும் ஒரு ஸ்பூன் குடேன்" என்று கேட்டார். "டாக்டர்கிட்ட கேட்டுட்டுத் தரேன்மா" என்றேன். அடுத்த பரிசோதனைக்குப் போனபோது கேட்டோம். அம்மாவுக்கு இருப்பது ஹாஷிமோட்டோ, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் வகை, அதில் கூடுதல் அயோடின் நிலைமையை மோசமாக்கும் என்றார் டாக்டர். மாத்திரை ஹார்மோனை நேரடியாகத் தருவதால் அயோடின் கூட்டுவதில் அவருக்கு லாபமும் இல்லை. அம்மாவுக்கு வேண்டியிருந்தது மலச்சிக்கலுக்கு ஒரு வழி. அதற்கு இசப்கோல் போதும், தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள் என்றார். நார்ச்சத்து மாத்திரையை உடம்பு உறிஞ்சவிடாமல் தடுக்கும் என்பதால் அந்த இடைவெளி. அம்மா இரவில் இசப்கோல் எடுத்துக்கொள்கிறார், வயிறும் சரியாக இருக்கிறது. வயிற்றுக்காக மட்டும் சீ மாஸ் யோசிப்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அயோடின் கவலையே இல்லாமல் அதே வேலை நடக்கிறது.

நான் ஆரம்பிப்பதற்கு முன் தைராய்டு எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் டிஎஸ்ஹெச் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன், சில மாதம் கழித்து மறுபடியும் பார்த்தேன். இரண்டும் இயல்பான எல்லைக்குள்தான் இருந்தன. அம்மாவுக்கு இருப்பதால் எனக்கும் வர வாய்ப்பு அதிகம், அதனால் அந்தப் பரிசோதனையை விடுவதாக இல்லை. குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு பிரச்சினை இருந்தால் முதல் ஸ்பூனுக்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. பின்னால் எண் மாறினால் எதிலிருந்து மாறியது என்று தெரியும். ஒரு விஷயம், முடிக்காக பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் பரிசோதனைக்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள். பயோட்டின் தைராய்டு முடிவுகளைத் தவறாகக் காட்டவைக்கும்.

காப்ஸ்யூலோ, மிட்டாய் போல மெல்லும் 'கம்மி'யோ வாங்குபவர்கள் லேபிளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முன்னால் பெரிய எழுத்தில் சீ மாஸ் என்று இருக்கும். பின்னால் சின்ன எழுத்தில் 'பிளாடர்ராக்', 'பர்டாக் வேர்' என்று கூட இரண்டு இருக்கும். இந்தக் கூட்டு ரொம்பச் சகஜம். பிளாடர்ராக் என்பது பழுப்புப் பாசி. பழுப்புப் பாசிகளில் அயோடின் பொதுவாகச் சிவப்புப் பாசிகளைவிட மிக அதிகம். சீ மாஸ்தானே என்று நினைத்து விழுங்கும் காப்ஸ்யூலில் அயோடினின் பெரும்பகுதி அதன் துணைப் பாசியிலிருந்து வரலாம். ஒரு வேளைக்கு எத்தனை மைக்ரோகிராம் அயோடின் என்று எழுதாத பாட்டிலை நான் வாங்க மாட்டேன். கூடவே மல்டிவைட்டமின் சாப்பிடுபவர்கள் அதில் இருக்கும் அயோடினையும் கூட்டிப் பார்க்க வேண்டும். இன்னொன்று, காப்ஸ்யூலில் நார்ச்சத்து மிகக் குறைவாகத்தான் இருக்கும். வயிற்றுக்காக எடுப்பவர்களுக்கு அது பெரிதாக உதவாது, ஜெல்தான் சரி.

பாசி கடல்நீரில் இருப்பதையெல்லாம் உறிஞ்சும். நல்லதை மட்டும் பிரித்து எடுக்கத் தெரியாது. ஆர்செனிக், காட்மியம், ஈயம், பாதரசம் போன்ற உலோகங்களும் சேரும். தொழிற்சாலைக் கழிவு கலக்கும் கடலாக இருந்தால் இன்னும் அதிகம். அதனால் விற்பவரிடம் அந்தத் தொகுதிக்கான ஆய்வக அறிக்கை கேளுங்கள். நான் கேட்டபோது சிலர் உடனே அனுப்பினார்கள், ஒருவர் 'எங்களுடையது இயற்கையானது' என்று மட்டும் பதில் எழுதினார். அவரிடம் வாங்கவில்லை. அறிக்கையில் நான்கு உலோகங்களுக்கும் எண் இருக்க வேண்டும், தேதி இருக்க வேண்டும், சோதித்தது விற்பவர் அல்லாத வேறொரு ஆய்வகமாக இருக்க வேண்டும்.

வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது. பாசிகளில் இருக்கும் வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம், உலோகங்கள் இரண்டுமே கவலை. குடல் அழற்சி நோய் உள்ளவர்கள் கராஜீனனில் கவனமாக இருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அயோடின் தேவை கர்ப்பிணிகளுக்குக் கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் அளவு தெரியாத ஒரு பொருளில் அந்தத் தேவையை ஏன் தேட வேண்டும்? டாக்டர் எழுதித் தரும் மாத்திரையில் அளவு துல்லியமாக இருக்கிறது.

இப்போது நான் ஒரு டேபிள்ஸ்பூனுக்கு மேல் போவதில்லை, அதுவும் தினமும் இல்லை. வாரத்தில் சில நாள் விட்டுவிடுவேன். காய், பழம், பயறு நன்றாகச் சாப்பிடும் வாரங்களில் ஜெல் இல்லாமலேயே வயிறு சரியாக இருக்கிறது. பயணம், வெளிச் சாப்பாடு என்று நார்ச்சத்து குறையும் நாட்களில்தான் ஃப்ரீசரில் இருக்கும் கட்டிகள் கைகொடுக்கின்றன.

எடுத்துக்கொண்டிருக்கும்போது காரணமில்லாமல் படபடப்பு, தூக்கமின்மை, கழுத்தில் வீக்கம், அளவுக்கு மீறிய களைப்பு, எடை ஏறுவது அல்லது இறங்குவது எது தெரிந்தாலும் உடனே நிறுத்திவிட்டுத் தைராய்டு பரிசோதனைக்குப் போங்கள். என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்கும்போது பாசியைச் சொல்ல நமக்குத் தோன்றாது. அதை மாத்திரையாகவே நாம் நினைப்பதில்லை. பாட்டிலையோ பாக்கெட்டையோ கையோடு கொண்டுபோய் அவர் மேசையில் வையுங்கள். அதில் எழுதியிருக்கும் பாசியின் பெயரும் அயோடின் அளவும் அவருக்குத் தேவைப்படும்.